ஏழாம் கிரேனுக்குப் பத்து சதவீதம்

பன்னிரண்டு மணி நான்கு நிமிடத்துக்கு, வானிலை அலுவலகத்தின் படிக்கட்டில் சதவீதக்காரி தடதடவென்று இறங்கி ஓடிக்கொண்டிருந்தாள். ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று இரண்டாம் மாடியிலேயே கழன்றுவிட்டது. திரும்பிப் போய் எடுக்க நேரமில்லை. நான்கு நிமிடத்துக்கு முன்புதான் அவள் தன் கையால், நாலாம் மண்டலமான துறைமுகத்துக்கு இடிமழை வாய்ப்பு பத்து சதவீதம் என்று எழுதி, கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தாள். துறைமுகத்தில் பத்து கிரேன்கள். அந்தக் கடற்கரையில் பத்து சதவீதம் என்றால் பத்தில் ஒன்று. கூடவும் கூடாது, குறையவும் குறையாது. அன்று பிற்பகல் ஒரே ஒரு கிரேனின் மேல் மட்டும் மழை பெய்யும், அந்த ஒன்றின் மேல் மட்டும் மின்னல் இறங்கும். ஏழாம் கிரேனில், தரையிலிருந்து நாற்பது மீட்டர் உயரத்தில், கண்ணாடிக் கூண்டுக்குள் அவளுடைய கணவன் உட்கார்ந்திருந்தான்.

இது எப்போது ஆரம்பித்தது என்பதில் ஊரில் இரண்டு கருத்து கிடையாது. பன்னிரண்டு வருடத்துக்கு முன்பு வரை அலுவலகம் வார்த்தையில்தான் அறிக்கை கொடுத்துவந்தது. ‘ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும்’ என்று எழுதினால் மேகத்துக்கும் தாராளம், எழுதியவருக்கும் தாராளம். பெய்தால் அந்த ஓரிடம் இதுதான். பெய்யாவிட்டால் அது வேறு எங்கோ. பிறகு புதிதாக ஒரு பெரிய அதிகாரி வந்தார். முதல் நாளே மேஜையில் விரலால் தட்டி, “ஓரிருன்னா ஒண்ணா, ரெண்டா?” என்று கேட்டார். இருபது வருட சர்வீஸ் உள்ளவர்கள்கூட கூரையைப் பார்த்தார்கள். அந்தக் கோடையின் முதல் தேதியிலிருந்து கடற்கரை முழுவதும் பதினொரு மண்டலமாகப் பிரிக்கப்பட்டது. மண்டலத்துக்கு ஒரு எண். தினமும் பகல் பன்னிரண்டுக்கு அறிக்கை போக வேண்டும், போன பிறகு ஒரு புள்ளிகூட மாற்றக் கூடாது. இன்னொரு கட்டுப்பாடும் போட்டார்: பூஜ்யம் எழுதக் கூடாது, நூறும் எழுதக் கூடாது. “நூறு போட்டா ஜோசியர் ஆயிடுவோம், பூஜ்யம் போட்டா கடவுள் ஆயிடுவோம். நாம ரெண்டும் இல்ல, அரசாங்கம்” என்றார். பதினொரு எண்களையும் எழுதும் பொறுப்பு, கணக்கில் கெட்டியான ஒரு பெண்ணிடம் ஒப்படைக்கப்பட்டது. அவளுக்கு அலுவலகம் வைத்த பெயர் சதவீதம்; ஊர் வைத்த பெயர் சதவீதக்காரி.

அதுவரை கண்டபடி பெய்துகொண்டிருந்த கோடை இடிமழை, எண்களைப் பார்த்ததும் ஒழுங்குக்கு வந்துவிட்டது. முதல் நாள் இரண்டாம் மண்டலத்துக்கு முப்பது என்று அறிக்கை போயிற்று. பத்து வீடுள்ள தெருவில் மூன்று வீட்டில் மட்டும் மழை பெய்தது. நடுவில் இருந்த வீடுகளில் துணி மொடமொடவென்று காய்ந்தது. ஒரு வாரம் வரை தற்செயல் என்றார்கள். இரண்டாவது வாரத்திலிருந்து ரேடியோவில் எண்ணைக் கேட்டுவிட்டு, வீட்டை எண்ணிவிட்டு, அதன் பிறகே கொடிக்குப் போனார்கள். எந்த மூன்று வீடு என்பது மட்டும் மேகத்தின் இஷ்டம். அதில் சிபாரிசு எடுபடவில்லை. நாற்பத்தைந்து என்று போட்ட ஒரு நாள், பத்துக் கடை வரிசையில் நான்கு கடையில் முழுசாகவும் ஐந்தாவதான தையல் கடையில் பாதியாகவும் பெய்தது. வெட்டுகிற மேஜை பக்கம் கொட்டோ கொட்டென்று கொட்ட, மிஷின் பக்கம் வெயில் அடித்தது. தையல்காரர் அளவு கொடுக்க வந்தவரைக் கொஞ்சம் இந்தப் பக்கம் தள்ளி நிற்கச் சொல்லிவிட்டு வேலையைத் தொடர்ந்தார். பஸ், படகு, பள்ளிக்கூடத்து பெஞ்சு என்று எண்ணக்கூடிய எதுவானாலும் மழை எண்ணிப் பார்த்துத்தான் பெய்தது. எண்ண முடியாதவற்றின் மேல், உதாரணமாக மணல் மேல், என்ன செய்வதென்று தெரியாமல் லேசாகத் தூறிவிட்டுப் போனது.

மழை நனைத்தது, காய்ந்தது, முடிந்தது. மின்னல் விஷயம் வேறு. அது யாரையும் கொல்லவில்லை; அந்தப் புண்ணியத்தைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் விழுந்தவரிடமிருந்து ஒன்றே ஒன்றை, துணியிலிருந்து ஒரு நூலை உருவுகிற மாதிரி, உருவிக்கொண்டு போனது. டிராயிங் டீச்சரிடமிருந்து பச்சை நிறத்தை எடுத்துக்கொண்டது. அன்றிலிருந்து அவள் மரங்களை நீலத்தில் வரைந்தாள், பிள்ளைகளும் அப்படியே வரைந்தார்கள். துறைமுகத்தில் முதல் கோடையில் மூன்று பேர் விஷயம் வெளியே வந்தது. ஐந்தாம் கிரேன்காரருக்கு விசில் அடிக்க வராமல் போயிற்று. எட்டாம் கிரேன்காரரின் நாக்கிலிருந்து உப்பு போய்விட்டது. கடல் தண்ணீரை அள்ளிக் குடித்துப் பார்த்து, ஒன்றும் இல்லை, சும்மா தண்ணீர்தான் என்று எல்லோரிடமும் சொன்னார். இரண்டாம் கிரேன்காரருக்கு மனைவி மறந்து போனாள். வீட்டுக்கு வந்து கதவைத் திறந்தவளைப் பார்த்து, “அக்கா, கொஞ்சம் தண்ணி கிடைக்குமா?” என்று கேட்டார். அவர் நேர்மையான மனிதர். எனக்கு உங்களை யாரென்றே தெரியவில்லை என்று முகத்துக்கு நேராகச் சொன்னார். அவள் ஒரு மாதம் பொறுத்துப் பார்த்தாள். மேலே பொறுக்க முடியாமல் பெட்டியைக் கட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

அந்தப் பெட்டி பஸ்ஸில் ஏறியதை சதவீதக்காரி தன் கண்ணால் பார்த்தாள். அன்றைக்கு அந்தக் கிரேன்மீது மின்னலை வரவழைத்த பத்தும் அவள் எழுதிய பத்துதான். அதன் பிறகு அவளுக்கு உலகத்தில் ஒரே ஒரு பயம்தான் இருந்தது. விசில் போகட்டும், உப்பு போகட்டும், இரண்டு கையில் ஒரு கைகூடப் போகட்டும். தன் கணவன் ஒருநாள் வீட்டுக்கு வந்து தன்னைப் பார்த்து அக்கா என்று கூப்பிட்டுவிடக் கூடாது. அவன் அப்படிப்பட்ட கணவன். வேலை முடிந்து நேரே வீட்டுக்கு வருவான். அவள் பேசும்போது பாட்டுக் கேட்கிறவன் மாதிரி தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பான். மனைவியை நீங்க, வாங்க, போங்க என்றுதான் கூப்பிடுவான். சதவீதக்காரியின் தங்கை வீட்டுக்கு வந்தால் இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். “அக்கா, மாமா உன்கிட்ட பேசறதைப் பாத்தா, லோன் கேக்க வந்த ஆளு மாதிரியே இருக்கு.” அவன் கோபித்துக்கொள்ள மாட்டான். சிரித்துக்கொண்டே போய் அடுப்பை அணைத்துவிட்டு வருவான்.

வழியை அவள் ஒரே வாரத்தில் கண்டுபிடித்தாள். துறைமுகத்தில் ஐம்பது சதவீதமும் அதற்கு மேலும் அறிக்கை வந்தால் சைரன் ஊதி எல்லாக் கிரேன்காரர்களையும் இறக்கிவிடுவார்கள், கவலையில்லை. பத்திலிருந்து நாற்பத்தொன்பது வரைதான் ஆபத்து. ஒன்பது என்று எழுதினால்? பத்து கிரேனில் ஒன்பது சதவீதம் என்றால் ஒரு முழுக் கிரேன் ஆகாது. எழுதிப் பார்த்தாள். மின்னல் வந்தது, ஒரு கிரேனின் முக்காலே மூணு வீசம் உயரம் வரைக்கும் நெருங்கியது, கூண்டுக்கு ஒரு கை தூரத்தில் நின்று யோசித்தது, வந்த வழியே திரும்பிப் போய்விட்டது. அன்றிலிருந்து மேலே விடும் வானிலை பலூன் என்ன சொன்னாலும், ரேடார் என்ன காட்டினாலும், துறைமுகத்துக்கு ஒன்பது. பன்னிரண்டு கோடை, ஒன்பது, ஒன்பது, ஒன்பது. பெரிய அதிகாரி மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவரும் போனார். துறைமுகத்தில் மழை வந்தாலும் ஒரு முழுக் கிரேனை நனைத்ததில்லை.

ஆனால் மேகத்துக்குக் கொண்டுவந்ததைத் திரும்பக் கொண்டுபோகிற வழக்கம் இல்லை. முப்பது வரவேண்டிய இடத்தில் ஒன்பது என்று எழுதினால் மீதி இருபத்தொன்று பக்கத்து மண்டலத்தில் இறங்கிவிடும். இதுவும் முதல் கோடையிலேயே அவளுக்குத் தெரியும். பக்கத்து மண்டலம் ஐந்தாவது, உப்பளம். அலுவலகச் சுவரில் தொங்கும் வரைபடத்தில் மற்ற மண்டலங்களிலெல்லாம் தெரு, பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி என்று புள்ளி புள்ளியாக இருக்கும். ஐந்தாம் மண்டலம் மட்டும் வெள்ளையாக இருந்தது. வரைந்தவர் உப்பை வெள்ளையாக விட்டுவிட்டார். அவள் அதைக் காலி என்று படித்தாள். ஜன்னல் வழியாகப் பார்த்தாலும் அந்தத் திசையில் வெள்ளையாக ஒரு பளபளப்பு மட்டும்தான் தெரியும். அங்கே யார் இருக்கப் போகிறார்கள்? பெய்யட்டும், யாருக்கு நஷ்டம் என்று விட்டுவிட்டாள். ஒருநாள்கூட அந்தப் பக்கம் போய்ப் பார்க்கவில்லை.

அந்த யார் என்கிறவள் அன்று காலை பத்தரை மணிக்கு அலுவலகத்துக்கு வந்து சேர்ந்தாள். உப்பளத்து மேஸ்திரி அம்மா. முழங்கால் வரை உப்புப் பூத்திருந்தது. நடந்து வந்த வழியெல்லாம் தரையில் வெள்ளைத் தடம். வாசலில் யாரிடமும் கேட்காமல் நேரே மாடியேறி வந்து, சதவீதக்காரியின் மேஜைக்கு எதிரே நின்றாள்.

“நீங்கதானா அந்தச் சதவீதம்?”

“ஆமாங்க. உக்காருங்க.”

“உக்காரத்தான் வந்திருக்கேன்.” உட்கார்ந்தாள். “ஒரே ஒரு சந்தேகம். நேத்து எங்களுக்கு எவ்வளவு போட்டீங்க?”

“இருபது.”

“எங்ககிட்ட நூறு பாத்தி. பாத்திக்கு ஒருத்தி. அப்ப இருபது பேரு நனையணும். சரிதானே? நேத்து நாப்பத்தோரு பேரு நனைஞ்சாங்க. ஒவ்வொரு தலையா தொட்டுத் தொட்டு எண்ணினேன். எனக்குப் படிக்க வராதும்மா, தலை எண்ண வரும்.”

ரேடார் முன்னால் உட்கார்ந்திருந்த ரேடார்க்காரர் உதவிக்கு வந்தார். “காத்து கொஞ்சம் தள்ளிவிட்டிருக்கும்மா.”

“காத்து ஒரு நாள் தள்ளும், தம்பி. ரெண்டு நாள் தள்ளும். பன்னெண்டு வருசமா ஒரே பக்கமாவா தள்ளும்? அதுக்குக் கை வலிக்காதா?”

ரேடார்க்காரர் திரையின் பக்கம் திரும்பிக்கொண்டார். மேஸ்திரி அம்மா குரலை உயர்த்தவில்லை. போன வாரம் மின்னல் தன் மகள் மேல் விழுந்ததை, பால் திரிந்துபோன விஷயத்தைச் சொல்வது மாதிரிதான் சொன்னாள். “அவ பேரை எடுத்துட்டுப் போயிடுச்சு. கூப்பிட்டா திரும்ப மாட்டேங்கறா. வேற பேரு வெச்சுப் பாத்தோம், ஒட்டலை, காலையில வெச்சா சாயங்காலம் உதிர்ந்துடுது. இப்ப ஏய்னுதான் கூப்பிடறோம். அதுக்கு நூறு பேரும் திரும்பறாங்க.” முழங்காலில் இருந்த உப்பைத் தட்டிவிட்டாள். “எங்க பங்கு வந்தா வாங்கிக்கறோம். அதுல எங்களுக்கு ஒண்ணும் பேச்சில்லை. இது யாரோட பங்குன்னு மட்டும் சொல்லுங்க, போயிடறேன்.”

சதவீதக்காரி மேஜையைக் குனிந்து பார்த்தாள். காலையில் விட்ட பலூனின் தகவல்கள் மேஜையில் இருந்தன. நிலம் கொதித்துக்கொண்டிருந்தது, மேலே குளிர்ந்த காற்று, கீழே கனத்த ஈரம். மூன்று மணி வாக்கில் கடற்காற்று உள்ளே நுழைந்ததும் மேகம் பொங்கி எழும். அவள் கணக்குப் போட்டாள். இரண்டு தடவை போட்டாள். அன்று துறைமுகத்துக்கு வந்தது முப்பதோ நாற்பதோ இல்லை. பத்து. சரியாகப் பத்து. ஒன்பதைவிட ஒன்றே ஒன்றுதான் அதிகம். பன்னிரண்டு வருடத்தில் இவ்வளவு சின்னத் திருட்டுக்கு வாய்ப்பு வந்ததே இல்லை.

பென்சில் தாளின் மேல் நின்றது. எதிரே மேஸ்திரி அம்மா படிக்கத் தெரியாத கண்ணால் பென்சில் முனையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஒரு சதவீதம்னா உங்க கணக்குல எவ்வளவுங்க?” என்று சதவீதக்காரி கேட்டாள்.

“ஒருத்தி.”

“யாரு?”

“அது எனக்கெப்படித் தெரியும்?” மேஸ்திரி அம்மாவுக்கு உண்மையிலேயே ஆச்சரியம். “எழுதற உங்களுக்குத் தெரியும்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்.”

பன்னிரண்டு அடித்தது. சதவீதக்காரி பத்து என்று எழுதினாள். உப்பளத்துக்கு அதன் சொந்த எண்ணான பதினைந்தை எழுதினாள். கையெழுத்துப் போட்டு அனுப்பினாள். மேஸ்திரி அம்மா என்ன எழுதப்பட்டது என்று கேட்கவில்லை. எழுதியவளின் முகத்தைப் பார்த்தாள், வரேம்மா என்றாள், உப்புத் தடத்தின் மேலேயே கால் வைத்து இறங்கிப் போனாள். அப்போதுதான் ரேடார்க்காரர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். “அக்கா, இதைப் பாருங்க. கடற்காத்து இன்னிக்கு ரெண்டு மணி நேரம் முன்னாடியே உள்ள வந்துடுச்சு. மூணு மணி எல்லாம் இல்ல. ஒரு மணிக்கு மேகம் துறைமுகத்து மேல நிக்கும்.”

போனை எடுத்தாள். கிரேன்காரர்கள் போனைக் கீழே வைத்துவிட்டுத்தான் ஏறுவார்கள். கூண்டோடு பேசக்கூடியவர் துறைமுகக் கட்டுப்பாட்டு அறையில் இருப்பவர் மட்டும்தான். அவர் அறிக்கையைப் பார்த்துவிட்டுச் சிரித்தார். “பத்தா? மேடம், ஐம்பது போடுங்க, இந்த நிமிஷமே சைரன் ஊதறேன். பத்துக்கெல்லாம் ஆளை இறக்கினா கப்பல் இங்கேயே கிடந்து கிழமாயிடும்.” அறிக்கை போய்விட்டது, இனி மாற்ற முடியாது. சதவீதக்காரி ரிசீவரை வைக்கவில்லை, போட்டாள். அதன் பிறகுதான் படிக்கட்டு, ஒற்றைச் செருப்பு.

அன்று நகர மண்டலத்துக்கு இருபது எழுதியிருந்தாள். துறைமுகத்துக்குப் போகிற பத்து பஸ்ஸில் இரண்டு பஸ்ஸுக்கு மழை. அவள் ஏறியது அதில் ஒன்று. சாலையெல்லாம் வெயில் காய்ந்துகொண்டிருக்க, அந்த பஸ்ஸின் மேல் மட்டும் மழை கூடவே ஓடி வந்தது. திருப்பத்தில் பஸ் திரும்பினால் மழையும் திரும்பியது. சிக்னலில் நின்றால் மழையும் காத்திருந்தது. கூரை ஒழுகுகிற பஸ். கண்டக்டர் குடையைப் பிடித்துக்கொண்டே டிக்கெட் கிழித்தார். “எந்தப் புண்ணியவதி எழுதின இருபதோ” என்று ஒரு பெரியவர் அலுத்துக்கொண்டார். அந்தப் புண்ணியவதி கம்பியைப் பிடித்துக்கொண்டு, நனைந்த தலையோடு, கடல் பக்கமே பார்த்தபடி நின்றாள். அடிவானத்தில் காலிஃப்ளவர் மாதிரி ஒரு மேகம் மேல் மேலாக முளைத்துக்கொண்டிருந்தது. அவசரமே இல்லாத மேகம். போகவேண்டிய முகவரியைக் கையில் வைத்திருப்பவரின் நிதானம் அதற்கு.

துறைமுக வாசலில் காவலாளி அலுவலக அட்டையைக் கேட்டார். அட்டையைக் காட்டினாள். அதிலிருந்த பெயரைப் படித்த காவலாளி, ஒருமுறை அவளுடைய காலையும் பார்த்துவிட்டு, வழிவிட்டார். ஏழாம் கிரேனின் ஏணியில் நூற்று எண்பது படிகள். வானத்தைப் பற்றியே வாழ்நாளெல்லாம் எழுதிய அவள் இரண்டாம் மாடிக்கு மேல் அதுவரை ஏறியதே இல்லை. இருபதாவது படியில் மீதிச் செருப்பும் விழுந்தது. கீழே போய்ச் சேர்ந்த சத்தம் கேட்கவில்லை. அறுபதாவது படியில் காற்று குளிர்ந்தது. நூறாவது படியில் அவளுக்குப் பக்கத்தில் ஒரு கடல்பறவை அசையாமல் நின்று, இவள் யார் புதிதாக என்று பார்த்தது. நூற்றைம்பதாவது படியில் கீழே பார்த்துவிட்டாள். கப்பல் சோப்புப் பெட்டி அளவுக்கு இருந்தது. அதற்கு அப்பால் உப்பளம். வெள்ளை வெளேரென்ற கட்டங்கள், ஒவ்வொரு கட்டத்திலும் குனிந்தபடி ஒரு புள்ளி. நூறு புள்ளிகள். எண்ணவில்லை, ஆனாலும் நூறு என்று தெரிந்தது.

கூண்டின் கதவைத் தட்டினாள். உள்ளே இருந்தவன் திரும்பிப் பார்த்து, கையை லிவரிலிருந்து எடுக்காமலேயே காலால் கதவைத் திறந்துவிட்டான்.

“என்னங்க இது, நீங்களா? இங்கேயா? செருப்பு எங்க?”

“இறங்குங்க.”

“கொக்கியில பெட்டி தொங்குதுங்க. கீழ ஆளு நிக்கறாங்க.”

“பத்து போட்டுட்டேன்.”

அவன் மேகத்தைத் திரும்பிப் பார்த்தான். “உங்க ஆபீஸ் எப்பவும் ஒன்பதுதானே போடும்?”

“நான்தான் போட்டேன். எல்லா ஒன்பதும் நான்தான். உங்களுக்காகப் போட்டேன். மிச்சத்தையெல்லாம் உப்பளத்துல தள்ளிவிட்டேன். அங்க ஆளே கிடையாதுன்னு நெனச்சேன்.”

“ஆளு இருக்காங்களே” என்றான் அவன், கண்ணாடி வழியாகக் காட்டி. “தினமும் பாக்கறேன். மூணாவது வரிசையில ஒரு அம்மா வேலை முடிஞ்சதும் இந்தக் கிரேனைப் பாத்துக் கையாட்டுவாங்க. நானும் ஆட்டுவேன்.” பிறகு, “பெட்டியை இறக்க நாலு நிமிஷம் ஆகும். நீங்க முதல்ல இறங்குங்க.”

“மாட்டேன்.”

“பிடிவாதம் வேண்டாங்க.”

“மாட்டேன்னா மாட்டேன்.”

மேகம் ஒரு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது வந்தது. முதல் கிரேனின் கூரையில் நாலு துளியால் தட்டிப் பார்த்தது, வருகைப் பதிவேடு எடுக்கிற வாத்தியார் மாதிரி. இரண்டாவதைத் தட்டியது. மூன்று, நான்கு. ஐந்தாம் கிரேன்காரர் தன் கூண்டுக்குள் கண்ணை மூடிக்கொண்டதை அவர்கள் இருவரும் பார்த்தார்கள். ஆறாவதின் மேல் கொஞ்ச நேரம் நின்றது; ஞாபகம் வந்தது போல நகர்ந்தது. ஏழாவதின் மேல் வந்ததும், நடந்து களைத்தவர் நாற்காலியைக் கண்ட மாதிரி, அப்படியே உட்கார்ந்துவிட்டது. கூண்டைச் சுற்றி மட்டும் மழை இறங்கியது. ஒரு கை தூரத்துக்கு அப்பால் வெயில். மழைத் திரை வழியாகப் பார்க்கையில் துறைமுகம் மொத்தமும் தண்ணீருக்கு அடியில் நிதானமாக வேலை செய்துகொண்டிருந்தது. பெட்டி கீழே போய்க்கொண்டே இருந்தது. சதவீதக்காரி இரண்டு கையாலும் கணவனின் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். எல்லாம் வெள்ளையாயிற்று. சத்தம் அதற்கு அப்புறம்தான் வந்தது.

மின்னல் அன்று எடுத்துக்கொண்டது அவளிடமிருந்துதான். ஆனால் அது என்னவென்று மறுநாள் பகலில்தான் தெரியவந்தது. பன்னிரண்டு மணிக்குத் தாளில் எண்களை எழுத உட்கார்ந்தவளுக்கு எட்டு வந்தது, பத்து வந்தது. நடுவில் ஒன்றும் இல்லை. ரேடார்க்காரர் ஒன்பது என்று பெரிதாக எழுதிக் காட்டினார். அவள் அதை ஏதோ பூச்சியைப் பார்ப்பது போல மூக்கைச் சுருக்கிக்கொண்டு பார்த்தாள். அதிலிருந்து அவளுக்கு எட்டுக்கு அடுத்தது பத்துதான். தொண்ணூறுகளில் பஸ் எண் வந்தால் பக்கத்தில் நிற்பவரைக் கேட்பாள். அடுத்தடுத்த கோடைகளில் துறைமுகத்துக்கு என்ன வந்ததோ அதையே எழுதினாள். துறைமுகமும் இரண்டு வருட கடிதப் போக்குவரத்துக்குப் பிறகு, பத்துக்கே சைரன் ஊதலாம் என்று ஒத்துக்கொண்டது. கப்பல் எதுவும் கிழமாகவில்லை. உப்பளத்தில் இருபது என்றால் இருபது தலை நனைந்தது. சுவர் வரைபடத்தின் ஐந்தாம் மண்டலத்தில் யாரோ பென்சிலால் நூறு புள்ளி குத்தியிருந்தார்கள். யார் என்று அலுவலகத்தில் யாரும் விசாரிக்கவில்லை. மேஸ்திரி அம்மாவின் மகளுக்குப் பெயர் திரும்பி வரவில்லை. அவளை இப்போதும் ஏய் என்றுதான் கூப்பிடுகிறார்கள், நூறு பேரும் இப்போதும் திரும்பிப் பார்க்கிறார்கள்.

இதெல்லாம் பிற்பாடு. அந்த வெள்ளை வடிந்த கணத்தில் சதவீதக்காரிக்குத் தன்னிடமிருந்து ஏதாவது போயிருக்குமோ என்ற நினைப்பே இல்லை. கூண்டில் கம்பி சூடான வாசனை. மழை நின்றுவிட்டது. கணவன் கண்ணை இரண்டு தடவை சிமிட்டினான், லிவரைப் பார்த்தான், பெட்டி பத்திரமாகத் தரையில் இருப்பதைப் பார்த்தான், கடைசியில் திரும்பி அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். பன்னிரண்டு வருடமாக ஒவ்வொரு பகலும் அவள் பயந்தது இந்தப் பார்வைக்குத்தான்.

“நான் யாருன்னு தெரியுதா?” என்றாள். 

“தெரியுதுங்க.”

அவள் அவனுடைய சட்டையை விட்டாள். அந்த இடத்திலேயே, இரும்புத் தரையில், உட்கார்ந்து அழுதாள். அழட்டும் என்று அவன் கொஞ்ச நேரம் விட்டான். பிறகு அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். இருவர் உட்கார அங்கே இடம் இல்லை, முழங்காலோடு முழங்கால் இடித்தது. இரண்டாம் கிரேன்காரர் பட்ட பாட்டைப் பார்த்த பிறகு இதை எந்த ஜன்மத்திலும் சொல்வதில்லை என்று முடிவு செய்திருந்ததாகவும், ஆனால் அவள் இவ்வளவு வருடம் இதற்காகவா பயந்துகொண்டிருந்தாள் என்று தெரிந்த பிறகு சொல்லாமல் இருப்பது நியாயமில்லை என்றும் சொன்னான்.

“முதல் தடவைதாங்க தெரியலை” என்றான்.

“எந்த முதல் தடவை?”

“நீங்க முதன்முதலா பத்துன்னு எழுதினீங்களே, அந்தக் கோடையில, முதல் வாரம். அது இந்தக் கூண்டுலதான் விழுந்துச்சு. இறங்கி வந்தேன். வேலை ஞாபகம் இருந்துச்சு, என் பேரு ஞாபகம் இருந்துச்சு. விலாசம் சட்டைப் பையில அட்டையில இருந்துச்சு. தேடிக்கிட்டு வந்து பெல் அடிச்சேன். காதுல பென்சில் சொருகிக்கிட்டு ஒரு அம்மா வந்து கதவைத் திறந்து, ‘இதுதான் வர்ற நேரமா’ன்னு சத்தம் போட்டாங்க. வேற யாரு மேலயோ இருக்கற கோவம்னு நெனச்சேன். கோவமா இருந்தாலும் நல்லவங்களா தெரிஞ்சுது. உள்ள வந்து உக்காருன்னாங்க, உக்காந்தேன். சாப்பாடு போட்டாங்க, சாப்பிட்டேன். ஆபீஸ்ல ஓரிருன்னா எவ்வளவுன்னு தெரியாம முழிச்ச கதையைச் சொன்னாங்க, எனக்குச் சிரிப்பு தாங்கலை. மனசுக்குள்ள, இவங்களைக் கட்டினவன் யாரோ, குடுத்து வெச்சவன்னு நெனச்சுக்கிட்டேன். அந்த வீட்டுக்காரர் வந்ததும் ஒரு வார்த்தை சொல்லிட்டுக் கிளம்பிடலாம்னு, விளக்கு போடற வரைக்கும் வாசலைப் பாத்துக்கிட்டே காத்திருந்தேங்க. யாருமே வரலை. சரி, அப்ப அது நான்தான் போலிருக்குன்னு இருந்துட்டேன்.”